எஃப் நைன் அக்கா

பழைய டூத் பிரஷ் ஒன்றால் விசைப்பலகையின் இடுக்குகளைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். கணினி இன்னும் விழிக்கவில்லை. பெருக்கி முடித்ததும் பலகையைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் மூன்று தட்டு. நேற்றைய பிஸ்கட் தூள் உதிரும். அதைக் காகிதத்தில் கூட்டிக் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்து, எஃப் நைன் விசையை மட்டும் கைக்குட்டை நுனியால் தனியாகத் துடைப்பாள். அதன்மேல் ரோஸ் நிற நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருக்கிறாள். பக்கத்தில் இருக்கும் எஃப் டென் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி. "ஒண்ணு 'போ'ங்கும், ஒண்ணு 'நில்லு'ங்கும். விரலுக்கு வித்தியாசம் தெரியணும்ல? மாத்தி அமுக்கினா அவ்ளோதான்" என்பாள்.

எங்கள் நிறுவனத்தின் வேலை லிஃப்ட்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் தருவது. ஆய்வாளர்கள் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கித் தாளில் கிறுக்கிக்கொண்டு வந்து எங்கள் மேஜையில் போடுவார்கள். அந்தக் கிறுக்கலைக் கணினியில் ஏற்றுவது எங்கள் பிரிவு. ஓர் அறிக்கைக்குப் பத்தொன்பது கட்டங்கள். கதவு, வடம், பிரேக் என்று போய், கடைசியில் விளக்கு, குறிப்பு, முடிவு. முடிவுக் கட்டத்தில் மூன்றே பதில்கள்தான்: ஓடலாம், பழுது பார்க்கவும், நிறுத்தவும். யாரும் தொடாவிட்டால் அது தானாகவே 'ஓடலாம்' என்று நிற்கும்.

இந்தப் பத்தொன்பது கட்டங்களையும் நான் விரலால் அடிக்கிறேன். பன்னிரண்டு வருடங்களாக. அவள் எஃப் நைனை அமுக்குவாள். அமுக்கிவிட்டு இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொள்வாள், யாரோ துப்பாக்கி காட்டியதுபோல. திரையில் கட்டங்கள் தாமாகவே நிரம்பிக்கொண்டு ஓடும். ஆறு நொடி. ஒரு தடவை தன் கையால் அடித்துக் காட்டியதை அந்த மேக்ரோ மென்பொருள் மனப்பாடம் செய்துகொண்டு, கேட்டபோதெல்லாம் அப்படியே ஒப்பிக்கிறது. எஃப் நைன் எல்லாம் நன்றாக இருக்கும் லிஃப்ட்டுக்கு. எஃப் டென் நிறுத்த வேண்டிய லிஃப்ட்டுக்கு. "ஓடும்போது ஒரு கீய தொட்டாலும் அதுக்குத் தலைகால் புரியாது. அதான் கைய தூக்கிக்கிறேன்." ஒரு நாளைக்கு அறுபது தடவை இப்படிக் கை தூக்குவதைப் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது என் தலையெழுத்து.

சுற்றி வளைப்பானேன், எனக்கு வயிறு எரிகிறது. அவள் வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் இந்தப் பிரிவில் என் பெயர் 'எக்ஸ்பிரஸ்'. புதிதாகச் சேர்கிறவர்களை என் மேஜைக்கு அழைத்து வந்து, "இவங்க அடிக்கிறதப் பாருங்க" என்று காட்டுவார் மேனேஜர். விசையைப் பார்க்காமல் அடிப்பேன். பேசிக்கொண்டே அடிப்பேன். இன்று எல்லோரும் எஃப் நைன் அக்காவின் மேஜைக்குத்தான் போகிறார்கள். இத்தனைக்கும் அவள் என்னைவிட ஆறு வயது இளையவள். வந்த முதல் வாரமே அலுவலகம் முழுக்க அவளுக்குத் தம்பி தங்கை ஆகிவிட்டது. நானும் வாய் தவறி ஒரு நாள் 'அக்கா' என்று கூப்பிட்டேன், அதுவே நிலைத்துவிட்டது. இங்கே 'அவள்' என்று எழுதுகிறேனே, அது காகிதத்தில் மட்டும் கிடைக்கும் சுகம். நேரில் வாங்க, போங்கதான்.

என்னை இன்னும் எக்ஸ்பிரஸ் என்று கூப்பிடும் ஒரே ஆள் அவள். "எக்ஸ்பிரஸ் மேடம், டீ குடிச்சாச்சா?" நக்கலாகத்தான் கேட்கிறாள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். முகத்தில் தேடிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அறிக்கைதான் என்றில்லை. அவள் கணினியில் வாக்கியங்களுக்குக்கூடச் செல்லப்பெயர்கள் உண்டு. ஒரு புள்ளியும் இரண்டு எழுத்தும் தட்டினால் 'கதவு தடையின்றித் திறந்து மூடுகிறது. வழக்கத்துக்கு மாறான ஓசை இல்லை' என்று முழு வாக்கியமும் வந்து விழும். விடுப்பு விண்ணப்பத்துக்கு ஒன்று, மன்னிப்புக் கடிதத்துக்கு ஒன்று, அவள் வீட்டு முகவரிக்கு ஒன்று. போன மாதம் கூரியர்காரர் ஒரு படிவத்தை நீட்டி முகவரி எழுதச் சொன்னார். பேனாவை வைத்துக்கொண்டு விழித்தாள். "கதவு எண் இருபத்தி… தம்பி, ஒரு நிமிஷம்" என்று உள்ளே ஓடிப் போய்க் கணினியில் இரண்டு எழுத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து எழுதினாள். நான் அன்று மனம் குளிரச் சிரித்தேன். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டாள், அதுதான் பிடிக்கவில்லை.

இந்த மேக்ரோ லேசுப்பட்டதல்ல, காலையும் வாரும். எந்தக் கட்டம், யாருடைய கட்டம் என்று பார்க்காது. கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கே கொட்டும். ஒரு தடவை அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மேனேஜரிடமிருந்து ஒரு செய்தி திரையின் நடுவில் வந்து திறந்துகொண்டது: 'என் அறைக்கு வர முடியுமா?' அக்கா கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மேக்ரோ அவருக்குப் பதில் அடித்தது: 'கதவு தடையின்றித் திறந்து மூடுகிறது, வழக்கத்துக்கு மாறான ஓசை இல்லை.' அனுப்பியும்விட்டது. இரண்டு நிமிடம் கழித்து அவரிடமிருந்து வந்தது: 'மகிழ்ச்சி. வாருங்கள்.' நான் செய்திருந்தால் விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருப்பார். அவள் செய்ததால் அது அலுவலகத்துக்கே நகைச்சுவை ஆகிவிட்டது.

கணினி மந்தமாக இருக்கும் நாட்களில் மேக்ரோ முந்திக்கொண்டு ஓடிவிடும். கட்டம் திறப்பதற்குள் எழுத்து போய் எங்கோ விழும். அதற்காக இடையிடையே அரை நொடி நிறுத்தம் வைத்திருக்கிறாள். "பாவம், மூச்சு விடட்டும்." அவள் விடுப்பில் போனால் அந்த மேஜையில் வேறு யாரும் உட்கார முடியாது, எந்த விசை எதைக் கிளப்பும் என்று அவளுக்கும் அவளுடைய பச்சை நோட்டுக்கும்தான் தெரியும்.

இவ்வளவு வேகமாக ஓடவிட்டுவிட்டு, பிறகு பென்சிலை எடுப்பாள். அதுதான் எனக்கு வேடிக்கை. திரையில் பென்சிலின் பின்முனையை வைத்து, ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு, தாளோடு ஒப்பிட்டு வாய்க்குள் படிப்பாள். இதற்கு நாற்பது நொடி. "மிச்சம் புடிச்சதயெல்லாம் இப்படிச் செலவு பண்ணவா மேக்ரோ?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். "இதுக்குக் கை உண்டு மேடம், கண்ணு கெடையாது. கண்ணு நாமதான் குடுக்கணும்" என்றாள். பெரிய தத்துவம் என்று மனதுக்குள் முகத்தைச் சுளித்துக்கொண்டேன்.

மேக்ரோவுக்கு அவள் எப்படி வந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறை, கேட்காமலே சொன்னாள். முந்தைய அலுவலகத்தில் அவளும் என்னைப்போல விரலால் அடித்தவள்தானாம். மணிக்கட்டு போய்விட்டது. பட்டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். பட்டையைப் பார்த்த ஒரே வாரத்தில், "கொஞ்சம் ஓய்வெடுங்க" என்று நல்லபடியாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "டம்ளர தூக்க முடியல மேடம். அப்பதான் இந்த மேக்ரோவ கத்துக்கிட்டேன். ஒரு விரல் போதும்ல?" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

நான் அப்போது ஸ்வெட்டர் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். ஆமாம், என் வலது மணிக்கட்டிலும் பட்டை இருக்கிறது. எட்டு மாதமாக. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரிடமும் சொல்லி, வெயில் கொளுத்தும் நாளிலும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்திலும் கை போனவர்களைக் கீழ்த்தளத்துக் கோப்பறைக்கு அனுப்புவார்கள்; அங்கிருந்து மேலே திரும்பி வந்தவர் யாரும் இல்லை, வருட முடிவில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டவரும் இல்லை. எனக்கு இருந்த ஒரே வழி, இந்த மாதத்தோடு ஓய்வு பெறும் எங்கள் பிரிவுப் பொறுப்பாளரின் நாற்காலி. அந்த நாற்காலிக்குத் தட்டச்சு கிடையாது. மேற்பார்வை மட்டும். பன்னிரண்டு வருடம் ஆன எனக்குத்தான் அது என்று இருந்தேன். போன மாதம் மேனேஜர், "உங்க ரெண்டு பேருல ஒருத்தர்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

"அந்தம்மா உனக்கு என்னதான் பண்ணுச்சு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"ஒண்ணும் பண்ணல. அதான் எரியுது."

"அவங்ககிட்டயே போய் அந்த பட்டன கத்துக்கயேன்."

"செத்தாலும் மாட்டேன்" என்றேன். அவர் என் கையிலிருந்து குக்கரை வாங்கி இறக்கிவைத்தார். பட்டை பற்றி வீட்டில் அவருக்கு மட்டும் தெரியும்.

போன திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து முதல் அறிக்கையைத் திறந்தேன். பிரேக்குக்குப் பிறகு விளக்கு வர வேண்டும், வரவில்லை. நடுவில் புதிதாக ஒரு கட்டம்: அவசர மணி. ஆய்வாளர்கள் தாளின் அடியில் எப்போதும் குறித்துத் தருகிற விஷயம்தான். கணினியில்தான் இதுவரை இடமில்லாமல் இருந்தது. வெள்ளிக்கிழமை வந்த சுற்றறிக்கையில் சொல்லியிருந்தார்களாம், யார் படித்தார்கள். நான் திரையைக் கண்ணால் பார்த்து அடிக்கிறவள். பார்த்தேன், மணிக்கு 'சரி' என்று போட்டேன், அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

இரண்டாவது அறிக்கையில்தான் உறைத்தது. மேக்ரோவுக்கு இந்தப் புதுக் கட்டம் தெரியாது. விளக்குக்கான பதிலை மணியில் போடும். குறிப்பை விளக்கில் போடும். முடிவை மாற்ற வேண்டிய அம்புக்குறி விசை குறிப்புக் கட்டத்தில் போய் வெறுமனே தட்டிக்கொண்டிருக்கும். முடிவு தொடப்படாமல் 'ஓடலாம்' என்று நிற்கும். திரும்பிப் பார்த்தேன். அக்கா டூத் பிரஷ்ஷோடு இருந்தாள்.

வாய் வரை வந்தது. "அக்கா" என்று கூப்பிட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. கூப்பிடவில்லை. முதல் அறிக்கையைப் பென்சிலால் தொட்டுப் படிக்கும்போது அவளே கண்டுபிடித்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. ஒரே ஒரு தடவை அவள் தடுக்கி விழுவதைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

ஆனால் அன்று முதல் அறிக்கை என்று ஒன்று நடக்கவில்லை. மேனேஜர் வந்து, "அக்கா, உங்க தாளெல்லாம் பதினோரு மணிவரைக்கும் தொடாதீங்க. தலைமை அலுவலகத்துலேருந்து ரெண்டு பேர் வராங்க. அவங்க முன்னாடி ஓட்டிக் காட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து மணிக்கு ஓர் ஆய்வாளர் அவசரமாக வந்து என் மேஜையில் ஒரு தாளை வைத்தார். சிவப்பு மையில் 'நிறுத்தவும்' என்று இரண்டு கோடு போட்டிருந்தது. "ஆறு மாடிக் குடியிருப்பு மேடம். வடத்துல நாலு இழை அறுந்து தொங்குது. இப்போதைக்கு ஒரு வாரம் ஓட்டாதீங்கன்னு வாயால சொல்லிட்டு வந்திருக்கேன், ஆனா அவங்க பேப்பரத்தான் நம்புவாங்க. இன்னிக்குப் போகலேன்னா நாளைக்கு ஏறிடுவாங்க." அது அக்காவின் பகுதிக் கட்டடம். அவள் அடுக்கில் சேர்த்தேன்.

பதினோரு மணிக்குப் பெரியவர்கள் இருவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். எஃப் நைன். கை மேலே. ஆறு நொடி. "அடேயப்பா!" என்றார் ஒருவர். அக்கா பென்சிலை எடுத்தாள். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், அடுத்தது போடுங்க" என்றார் மேனேஜர். எஃப் நைன். எஃப் நைன். சிவப்பு மைத் தாள் வந்தபோது பிளாஸ்திரி ஒட்டிய விசை. முப்பது அறிக்கைகள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தன. பெரியவர்களில் ஒருவர் கை தட்டினார். அப்படியே அவளை உள்ளே அழைத்துப் போனார்கள்; பேச்சு, பிறகு அவர்களோடே வெளியே சாப்பாடு.

நான்கு மணிக்குச் சான்றிதழ்கள் தலைமை அலுவலகத்திலிருந்து தாமாகவே மின்னஞ்சலில் போய்விடும். எனக்குத் தெரியும். எழுந்து போய் மேனேஜரின் அறைக் கதவைத் தட்டியிருக்கலாம். எட்டி அவள் கணினியில் திருத்தியிருக்கலாம். மதியம் என் டப்பாவைத் திறந்து அப்படியே மூடினேன். முடிந்த அடுக்கின் மேலே அந்தச் சிவப்பு மை தெரிந்துகொண்டே இருந்தது. ஆறு மாடி என்றால் எத்தனை வீடு, எத்தனை பேர் என்று மனம் எண்ண ஆரம்பித்துவிட்டது. மூன்று மணிக்கு மேனேஜருக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. அக்காவின் கைப்பை மேஜையிலேயே இருந்தது. அவளுக்குப் போட்டேன், போன் அந்தப் பைக்குள்தான் அடித்தது.

மூன்று முப்பத்தைந்துக்கு அவள் வந்தாள். கையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம். "எக்ஸ்பிரஸ் மேடம், வெளிநாட்டு பிஸ்கட்டாம். உங்களுக்குன்னு ரெண்டு எடுத்துட்டு வந்தேன். மேனேஜர் அவங்கள வழியனுப்பப் போயிருக்காரு."

"அக்கா, முதல்ல உக்காருங்க. புதுசா ஒரு கட்டம் வந்திருக்கு. பிரேக்குக்கு அப்புறம்."

அவள் திரையைப் பார்த்தாள். குறிப்பில் வர வேண்டிய 'கதவு தடையின்றித் திறந்து மூடுகிறது' என்ற வாக்கியம் விளக்குக் கட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தது. இரண்டு கையும் அவளை அறியாமல் மேலே போயின. "ஐயோ, அந்த ஆறு மாடி!" என்றாள்.

அதைத்தான் முதலில் திறந்தோம். 'ஓடலாம்' என்றிருந்தது. அவள் ஒவ்வொரு விசையாகத் தேடி 'நிறுத்தவும்' என்று மாற்றினாள். இன்னும் இருபத்தொன்பது. "மேக்ரோவ மாத்திடலாமே" என்றேன். "சோதிச்சுப் பாக்காம இனி ஓட விடமாட்டேன். அவசர மணிக்கு ஒவ்வொரு தாள்லயும் வேற வேற எழுதியிருக்கு. அத அது பாக்காது" என்றாள். பிறகு நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள். "நான் படிக்கிறேன். நீங்க அடிங்க."

அடித்தேன். பன்னிரண்டு வருடத்தில் அப்படி அடித்ததில்லை. மணி சரி, விளக்கு சரி, குறிப்பு இது, முடிவு இது, அடுத்தது. மணிக்கட்டில் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஸ்வெட்டர் கை முழங்கைப் பக்கம் சுருண்டு ஏறிவிட்டது, இறக்கிவிட நேரமில்லை. மூன்று ஐம்பத்தெட்டுக்கு முப்பதாவது முடிந்தது.

அப்போதுதான் பென்சிலை எடுத்தாள். பட்டியலில் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். பட்டியலில் ஒவ்வொரு அறிக்கைக்கும் நேராக, யார் ஏற்றியது, எத்தனை மணிக்கு, கட்டங்களில் என்ன போட்டது என்று இருக்கும்; புதியது மேலே. அவளுடைய முப்பதுக்குக் கீழே என்னுடையவை. கடைசி வரியில், காலையில் நான் ஏற்றிய முதல் அறிக்கையில், பென்சில் நின்றது. ஒன்பது பன்னிரண்டு. அவசர மணி: சரி. அந்த நேரத்தைப் பென்சிலால் இன்னொரு தடவை தொட்டாள். நான் கழுத்தை நிமிர்த்தவில்லை. ஏதாவது கேட்டால் சொல்லிவிடுவது என்று தயாராகத்தான் இருந்தேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். கேட்கவில்லை.

மேனேஜர் வாசலில் வந்து நின்றார். "என்ன, ரெண்டு பேரும் ஒரே மேஜைல?"

"புதுக் கட்டம் ஒண்ணு சார். என் மேக்ரோ தப்பாப் போட்டுடுச்சு, நானும் சரி பாக்கல. தப்பு என்னோடதுதான். எக்ஸ்பிரஸ் மேடம் பாத்துச் சொன்னாங்க. முப்பதும் கையால அடிச்சு முடிச்சிட்டாங்க, இருபது நிமிஷத்துல."

"இருபது நிமிஷத்துலயா! எக்ஸ்பிரஸ்னா சும்மாவா? எங்க, அந்தக் கைய இப்படிக் குடுங்க" என்று அவர் கையை நீட்டிக்கொண்டே எங்களை நோக்கி வந்தார்.

என் வலது கை மேஜைமேல் அப்படியே கிடந்தது, பட்டை வெளியே தெரிய. என்னால் அதை அசைக்க முடியவில்லை. அக்கா மேனேஜரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, திரும்பாமல், என் ஸ்வெட்டர் கையை முழங்கையிலிருந்து விரல் கணுவரை இழுத்து மூடிவிட்டாள்.